பொங்கலுக்கு ஓடிய படம்

பொங்கலுக்கு மறுநாள் காலை, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒருவர் நேரே என்னிடம் வந்தார். "ஏம்மா, அந்த மூட்டத்துக்காரப் பொம்பளைக்கு மூஞ்சி மாறிக்கிட்டே இருக்கே, அது எதுனால?" என்று கேட்டார்.

மூஞ்சி மாறுவது என் படத்தில். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் மொத்தம் பதினாலு பேர். பதினாலு பேரையும் எனக்குத் தெரியும். அதில் இவர் இல்லை.

"நீங்க எங்கண்ணே பாத்தீக?"

"நேத்து கேபிள்ல போட்டாகல்ல. உன் போட்டோவும் போட்டாக. நேர்ல கொஞ்சம் கறுப்பாத்தான் இருக்க."

டீயை அப்படியே வைத்துவிட்டுத் திருச்சுழி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

படம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துக் கரி எடுப்பதைத்தான் எங்கள் பக்கம் மூட்டம் போடுவது என்போம். பற்றவைத்துவிட்டால் மூன்று நாளைக்கு யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும். மண் வெடிக்கிற இடத்தை உடனே அடைக்காவிட்டால் காற்று உள்ளே புகுந்து அத்தனையும் சாம்பல். ஒரு பெண், ஒரு மூட்டம், மூன்று நாள். அவ்வளவுதான் படம். ஒன்றரை மணி நேரம். என் செல்போனில் எடுத்தது.

முதல் நாள் அந்தப் பெண்ணாக நடித்தவர் எம்.ரெட்டியபட்டி அக்கா. பஞ்சு மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு என்பதால் ஞாயிறு ஞாயிறாக எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் ஷிப்டை மாற்றி, ஞாயிறும் வரச் சொல்லிவிட்டார்கள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அக்காதான் சொன்னார், "என் நாத்தனாளுக்கு என் சேலையக் கட்டிவிட்டு எடு. பொகைக்குள்ள எவளுக்குத் தெரியப் போகுது?" எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் எடுத்துப் பார்த்தால் நன்றாக இருந்தது. சரி என்று மூன்றாம் நாளுக்கு அந்த மூட்டத்திலேயே நிஜமாக வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்கு அதே சேலையைக் கட்டிவிட்டேன். ஒரே பெண், நாளுக்கொரு முகம். இதைப் பிற்பாடு விழா மலரில் 'உழைக்கும் உடலின் பன்முக அடையாளம்' என்று அச்சடித்தார்கள். மில்லில் ஷிப்ட் மாறியதுதான் விஷயம்.

விழா என்றால் மதுரையில் நடக்கும் தென் மாவட்டப் படவிழா. அதில் புதுமுயற்சி முழுநீளப் படங்களுக்கென்று தனியாக ஒரு போட்டி உண்டு. எட்டுப் படங்களை எடுப்பார்கள். வெல்கிற படத்தை ஐந்து ஊர்த் தியேட்டர்களில் ஒரு வாரம் ஓட்டுவார்கள். விதிகள் இரண்டு பக்கம் இருந்தன. எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். படம் இதற்கு முன் எங்கும் பொதுவில் திரையிடப்படவோ ஒளிபரப்பப்படவோ கூடாது. கார்த்திகையில் நான் விண்ணப்பித்தபோது அது முழு உண்மை. கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் போட்டியில் நான் இருந்தாக வேண்டும். கல்லூரி முடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் என் அப்பா அதிகம் பேசமாட்டார், நான் விண்ணப்பித்த அன்றைக்குப் பேசினார். "போட்டிக்குள்ள போய் நின்னுட்டேன்னா இன்னொரு வருஷம் பாப்போம். இல்லேன்னா சித்திரையில குரூப் ஃபோர் கிளாஸுக்குப் போயிரணும். மூஞ்சியத் தூக்கக் கூடாது." தூக்கமாட்டேன் என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஜெயிப்போம் என்ற திமிர்தான்.

இனி கேபிள் அண்ணன். திருச்சுழியில் ஒரு செல்போன் கடை மாடியில் அவர் ஆபீஸ். சுற்றுவட்டாரத்துக்கே அவர்தான் கேபிள்; உள்ளூர்ச் சேனல் ஒன்றும் நடத்துகிறார். கோயில் கொடை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் வரும். படப்பிடிப்புக்கு ஜெனரேட்டரும் வேனும் அவர் கொடுத்தது. முடித்த படத்தை, நடித்தவர்கள் ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று, பென் டிரைவில் போட்டு அவர் ஆபீஸ் டிவியில் ஓட்டினோம். பதினாலு பேர் என்று சொன்னது அன்றைக்கு அங்கே உட்கார்ந்தவர்களைத்தான். பென் டிரைவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் அதற்குள் காப்பி எடுத்து வைத்திருப்பார் என்று தோன்றவே இல்லை.

நான் மாடி ஏறியபோது அண்ணன் சந்தோஷமாக எழுந்து நின்றார்.

"வா பாப்பா! போன் மேல போனு. ஊரே பேசுது."

"யாரைக் கேட்டுப் போட்டீக?"

"யாரைக் கேக்கணும்? பொங்கலுக்குத்தான் எல்லாரும் வீட்ல இருக்காக. திருப்பூர்லருந்து, சென்னையிலருந்து பிள்ளைக வந்திருக்கு. துபாய்க்காரவுக லீவுல வந்திருக்காக. நேத்து விட்டா என்னைக்குப் பாப்பாக? நான் ஒரு எடத்துல வெட்டல, தெரியுமா? வேற எவனா இருந்தாலும் பாதிய வெட்டிருப்பான்."

"கீழ எழுத்து ஓடுச்சாமே. பஸ்ல சொன்னாக."

"அந்தப் பொகை சீன்ல மட்டும்."

மூட்டத்தின் புகை வெள்ளையிலிருந்து நீலமாக மாறுவதை ஒரே ஷாட்டில் பதினொரு நிமிஷம் வைத்திருந்தேன். படத்தின் உயிரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினொரு நிமிஷமும் கீழே ஒரு காதணி விழா அழைப்பும், ஒரு பாத்திரக்கடைப் பொங்கல் தள்ளுபடியும், ஒரு முப்பதாம் நாள் நினைவஞ்சலியும் மாறி மாறி ஓடியிருக்கின்றன.

"அந்த எடத்துல ஒண்ணுமே நடக்கலைல்ல பாப்பா. சும்மாத்தான கெடந்துச்சு எடம்."

விதியை எடுத்துச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. "அப்ப, நம்ம சனம் பாத்துட்டா அவுகளுக்கு அது எச்சியா?" என்றார். போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள், அப்பா கிளாஸில் சேர்த்துவிடுவார் என்றதும்தான் அவர் முகம் சுருங்கிப்போனது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்ன செய்ய?"

"யார்கிட்டயும் மூச்சு விடாதீக."

"என் பிள்ளைக மேல சத்தியமா விடமாட்டேன்."

மாசியில் கடிதம் வந்தது. எட்டில் ஒன்றாக என் படம். கூடவே ஒரு படிவம்: முன்பு அளித்த உறுதிமொழி இன்றும் பொருந்துமா? ஆம், இல்லை. ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அரை நொடிகூட ஆகவில்லை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "சரி, ஒரு வருஷம்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு அசதியாக இருக்கிறது. பஸ்ஸில் போனால் பேசுகிறார்கள். குமாரலிங்கபுரம் தாண்டி வரும்போது கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "நாய் வார எடம் நல்லாருந்துச்சு தங்கச்சி" என்கிறார். நான் சுற்றும் முற்றும் பார்க்கிறேன், பஸ்ஸில் மதுரைக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. யாரோ டிவியைச் செல்போனில் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குரூப்பாகப் போய், அண்ணே அழிங்க, சித்தப்பா அழிங்க, மச்சான் தயவுசெய்து அழிங்க என்று கெஞ்சினேன். "ஏன் பிள்ள, நல்லாத்தான இருக்கு?" என்பார்கள். நல்லா இருக்கு என்று நாலு பேர் சொல்ல மாட்டார்களா என்றுதான் மூன்று வருஷம் வெயிலில் அலைந்தேன். சொல்ல வந்தவர்களை எல்லாம் வாயை மூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மில் வாசலில் ஒருநாள், இடைவேளைக்கு வெளியே வந்த அக்காவைப் பார்த்து அழாத குறையாகப் புலம்பினேன். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏத்தா, சொல்லிர வேண்டியதுதான? ஊரே பாத்ததை மதுரைக்காரன்கிட்ட மட்டும் மறைச்சா எப்படி?"

"சொன்னா வெளிய தள்ளிருவாகக்கா."

"தள்ளத்தான் செய்வாக. நீ இளைச்சுப் போயி நிக்கிறியேன்னு சொன்னேன். கோவிச்சுக்காத. எனக்கு உள்ள போக நேரமாச்சு."

விழாவில் என் படத்துக்குப் பகல் பதினொரு மணிக் காட்சி. ஊரிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பத்தரைக்கு அரங்கத்து வாசலில் கேபிள் அண்ணனின் வேன் வந்து நின்றது. பத்தொன்பது பேர் இறங்கினார்கள். அக்கா, நாத்தனாள், மூட்டத்து அம்மா, அவர்கள் வீட்டு ஆட்கள். கூடவே இரண்டு தூக்குவாளி புளிச்சோறு. அண்ணன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

"வர வேணாம்னு சொன்னேன்லண்ணே."

"உன் படத்துக்கு உன் ஊர்லருந்து ஆள் வரலேன்னா, அப்புறம் அது என்ன ஊரு?"

வாசலிலேயே எல்லாரையும் சுற்றி நிற்கவைத்துச் சொன்னேன். உள்ளே ஜூரி என்று மூன்று பேர் முன்வரிசையில் இருப்பார்கள். நீங்கள் யாரும் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை. புரிகிறதா?

"இதக்கூடவா சொல்லணும்? நாங்க என்ன சின்னப்பிள்ளையா?" என்றார் நாத்தனாள்.

முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் எனக்குப் பின்வரிசையில் ஒரு குரல், ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இப்ப நாயி வரும் பாரு" என்றது. நாய் வந்தது. நாய் வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மற்றவர்கள் சிரித்தபோது எங்கள் ஆட்கள் சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். படம் முழுக்க இப்படித்தான். கரி லோடு ஏற்ற வருகிற வியாபாரி, புகை அதிகமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளும் காட்சியில் அந்தப் பெண் ஒரு பதில் சொல்வாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் பத்தொன்பது பேரும் சேர்ந்து, "பொகை அது பாட்டுக்குப் போயிரும், இருக்கவளுக்குல்ல இருமலு" என்றார்கள். ஜூரியில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா திரும்பிப் பார்த்தார். நான் இருக்கையில் கீழே கீழே சரிந்துகொண்டே இருந்தேன்.

புகைக் காட்சி வந்தது. அரங்கமே அமைதி. புகை வெள்ளையாக எழும்பி, மெதுவாக மெலிந்து வந்தது. ஐந்தாவது நிமிஷமோ ஆறாவது நிமிஷமோ இருக்கும். "என்ன, கீழ எழுத்து ஓடக் காணோம்?" என்று ஒரு குரல் கேட்டது. "ஆமா, இந்த எடத்துலதான நம்ம வீட்டுக் காதுகுத்து வந்துச்சு?" என்று இன்னொரு குரல். அத்தனை அமைதியில் அது கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கும். ஜூரி அம்மா இரண்டாவது தடவை திரும்பினார். இந்தத் தடவை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

படம் முடிந்து கைதட்டினார்கள். மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மூன்று முகம் எதனால் என்று கேட்டார்கள். ஷிப்ட் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், அது பிடித்திருந்தது. செல்போனில் எடுத்தது பற்றி ஒருவர் கேட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜூரி அம்மா எழுந்தார்.

"உங்க ஊர்க்காரங்க ரொம்ப ரசிச்சுப் பாத்தாங்க. அடுத்து என்ன வரும்னு அவங்களுக்குத் தெரியுது. முன்னாடியே பாத்திருக்காங்களா?"

கோபமெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. கேபிள் அண்ணன் எழுந்து, நடைபாதையில் நின்ற பெண்ணின் கையிலிருந்த மைக்கை வாங்கிவிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நாங்க யாரும் பாக்கலைங்க. இன்னைக்குத்தான் மொதத் தடவ. எங்க ஊர்ல கேபிளே கெடையாதுங்க."

கேபிளைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

"கரண்டு மட்டுந்தான் உண்டு. அதுவும் வரும், போகும். இந்த டிவி, சேனலு, அதெல்லாம் எங்க பக்கத்துச் சனத்துக்கு என்னன்னே தெரியாதுங்க. நாங்க கரிமூட்டம் போடுற ஆளுக."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வியர்த்துக்கொண்டிருந்தது. வலது கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நின்றார். சேனல் பேர் அச்சடித்த பேனா அதில் இருந்தது. ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒன்று கொடுப்பார். இருபது வருஷமாகத் தெருத் தெருவாகக் கம்பம் ஏறி, வேலிமுள் கிழித்த கையோடு ஒயர் இழுத்தவர். ஒரு தடவை இடி விழுந்து சாமான்கள் எல்லாம் கருகிப்போனபோது மூன்று நாளில் மறுபடி சேனலைக் கொண்டுவந்ததை இப்போதும் பெருமையாகச் சொல்வார். எனக்காக ஒரு வட்டாரத்துக்கே டிவி தெரியாது என்று இருநூறு பேர் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்தவர்கள் நம்பவும் செய்தார்கள். அங்கேதான் இப்படி இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அந்த நேரத்தில் நேர்மையைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. அவர் இன்னொரு வாக்கியம் பேசிவிடக் கூடாது, அவ்வளவுதான் தோன்றியது. சோர்வாக இருந்தது.

"பாத்திருக்காங்க மேடம்," என்றேன். "பொங்கலன்னைக்கு எங்க லோக்கல் கேபிள்ல முழுப் படமும் போட்டாச்சு. எனக்கு மறுநாளே தெரியும். தெரிஞ்சுதான் உங்க படிவத்துல டிக் அடிச்சேன். அவர் மேல தப்பில்ல. டிவி எங்க ஊர்ல இருக்கு."

ஜூரி அம்மா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்தார். "சரிம்மா" என்று உட்கார்ந்தார். நான் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் என் மேல் பாய்ந்தார்.

"நான்தான் சமாளிச்சுட்டேன்ல பாப்பா? நல்லாத்தான போச்சு? நீ ஏன் நடுவுல வந்து கெடுத்த?"

"நல்லாப் போகலண்ணே."

"யோவ், கேபிளே கெடையாதுன்னு உன்னை யாருய்யா சொல்லச் சொன்னது?" என்றார் அக்கா. "அந்தம்மா கேட்டுச்சா? வெளிய நிக்கிற வேன்ல கொட்டை கொட்டையா உன் சேனல் பேரு எழுதியிருக்கு."

"வேனை எவன் பாக்கப் போறான்?"

"நம்ம சனம் பாத்தா எச்சியான்னு இவகிட்ட நீதான கேட்டியாம். ஊருக்கே போட்டுக் காட்டவும் செஞ்சுட்டு, பாக்கவே இல்லன்னு சாதிக்கவும் செய்ற," என்றார் அக்கா.

மூட்டத்து அம்மா ஒரு பாக்குமட்டைத் தட்டில் புளிச்சோற்றை வைத்து என் கையில் திணித்தார். விழாவின் ஒருங்கிணைப்பாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். என் வயசுதான் இருக்கும். என்னைவிட அவருக்குத்தான் சங்கடமாக இருந்தது. போட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கிறது, தப்பாக நினைக்க வேண்டாம், திரையிட்டது திரையிட்டதுதான், சான்றிதழ் உண்டு, இதை மட்டும் நிரப்பிக் கொடுங்கள் என்றார். ஒளிபரப்பிய சேனலின் பெயர், ஒளிபரப்பான பகுதி, எத்தனை முறை.

சேனல் பெயரை எழுதினேன். அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, எழுத்து சரியா என்று படித்தார். பகுதிக்குத் திருச்சுழி சுற்றுவட்டாரம் என்று எழுதினேன். "எம்.ரெட்டியபட்டியும் எழுது. அங்கயும் நம்ம லைனுதான்," என்றார். எழுதினேன். எத்தனை முறை என்ற இடத்தில் ஒன்று என்று போட்டேன்.

"ரெண்டு," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"மாட்டுப் பொங்கலன்னைக்குக் காலையில பத்து மணிக்கு மறுபடி போட்டேன் பாப்பா. பொங்க வைக்கிற சோலியில பொம்பளையாளுக யாரும் ஒழுங்காப் பாக்கலைன்னு போன் மேல போன் போட்டாக."

"மாட்டுப் பொங்கலன்னைக்குக் காலையில பத்து மணிக்கு நான் உங்க ஆபீஸ்ல இருந்தேன்."

"ஆமா. நீ வந்து சண்டை போட்டுக்கிட்டு இருந்த பாரு, அப்ப ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாதியில எப்படி நிறுத்த? பாக்கிறவுக வையமாட்டாக?"

ஒருங்கிணைப்பாளர் வேறு பக்கம் திரும்பி நின்று சிரித்தார். நான் ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்காவுக்கு நாலு மணி ஷிப்ட். வேன் உடனே கிளம்பியது. நானும் ஏறிக்கொண்டேன், இருந்து மற்றப் படங்களைப் பார்க்கத் தெம்பில்லை. அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கடையில் கூட்டம் போலிருக்கிறது, பின்னால் சத்தமாக இருந்தது. "சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "சரி, வா," என்று வைத்துவிட்டார்.

சித்திரையில் கிளாஸ் ஆரம்பித்தது, போகிறேன். போட்டியில் வென்ற படத்தைச் சொன்னபடி ஐந்து ஊர்த் தியேட்டர்களில் ஒரு வாரம் ஓட்டினார்கள். அந்த ஐந்தில் அருப்புக்கோட்டை இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் எந்த ஊரும் இல்லை. அந்த வாரம் மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தபோது கேபிள் அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்த ஜெயிச்ச படத்தைத்தான் இப்பத் தியேட்டர்ல போட்டுட்டாகல்ல. இனி யாரு பாத்தாலும் அவுகளுக்கு ஒண்ணும் இல்லைல்ல?"

"எதுக்குண்ணே?"

"கேட்டு வாங்கித் தர்றியா? முறையாக் கேட்டே போடுவோம். நம்ம சனமும் பாக்கட்டும். கீழ எழுத்து ஓட விடமாட்டேன்."

போட்டிக்கு வந்த எட்டுப் பேரின் வாட்ஸப் குரூப்பில் அந்த இயக்குநரின் நம்பர் இருந்தது. "கேட்டுப் பாக்குறேண்ணே," என்றேன்.